வெள்ளை பெல்ட்காரர்களைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. கராத்தேயில் சேர்க்க ஆசை. எங்கள் பகுதியில் இரண்டு வகுப்புகள் நடக்கின்றன. ஒன்றில் இரண்டே வருடத்தில் பிளாக் பெல்ட் என்கிறார்கள். இன்னொரு மாஸ்டர், "வரட்டும், பார்க்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். எதில் சேர்ப்பது? 41 வயதில் நானும் கற்றுக்கொள்ள முடியுமா?

பதில்: "பார்க்கலாம்" என்றவரிடம் முதலில் போங்கள்.

ஆறு வயது சரியான வயதுதான். ஜப்பானின் ஒகினாவா தீவில் இதோசு அன்கோ என்ற ஆசான் 1900களின் தொடக்கத்திலேயே கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். கட்டா என்பது தடுப்பு, குத்து, உதை எல்லாவற்றையும் ஒரே வரிசையில் தனியாகச் செய்து பழகுவது. பழைய கட்டாக்கள் மாணவர்களுக்குக் கடினம் என்று பினான் என்ற ஐந்து எளிய கட்டாக்களை அமைத்தார். ஷோட்டோகான் என்ற கராத்தே பாணி வகுப்புகளில் ஹெயான் என்ற பெயரில் இன்றைக்கும் பிள்ளைகள் செய்வது அவற்றைத்தான். முதல் கட்டாவான ஹெயான் ஷோதன் தொடங்குவது குத்தில் அல்ல, அடியைத் தடுப்பதில். பையன் முரடனாகிவிடுவானோ என்ற பயம் வீட்டில் யாருக்காவது இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

பெல்ட் கணக்குக்கு வருவோம். கராத்தேக்கு பெல்ட் முறை ஜூடோவிலிருந்து வந்தது. ஷோட்டோகான் பாணியைத் தொடங்கிய ஃபுனகோஷி கிச்சின் தன் மாணவர்களுக்கு முதன்முதலில் பிளாக் பெல்ட் கொடுத்தது 1924இல்தான். வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் பொதுவாக ஒன்பது, பத்துப் படிகள். மூன்று மாதத்துக்கு ஒரு தேர்வு, ஒன்றுகூடத் தவறவில்லை என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு வருடத்தைத் தாண்டிவிடும். மேல்படிகளில் இடைவெளி கூடும். ஒழுங்காகப் போகிற பிள்ளைக்கு நாலைந்து வருடம் என்பது நியாயமான கணக்கு. இரண்டு வருடம் என்கிறவர் பெல்ட் விற்கிறார். தேர்வுக்கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று அவரிடம் கேட்டுப்பாருங்கள், புரிந்துவிடும்.

சேர்ப்பதற்கு முன் இரண்டு இடத்திலும் ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் பார்க்கக் கூடாது என்று சொல்கிற இடம் வேண்டவே வேண்டாம். உள்ளே போனால் நம் கண் பிளாக் பெல்ட் பையனின் உதையிலேயே நிற்கும். அவனை விட்டுவிட்டு, கடைசி வரிசையில் வெள்ளை பெல்ட் கட்டியிருக்கும் பிள்ளைகளைப் பாருங்கள். மாஸ்டர் அவர்களிடம் வருகிறாரா? கால் தப்பாக நிற்கிற பிள்ளையைத் திருத்துகிறாரா, இல்லை கத்திவிட்டுப் போகிறாரா? சின்னவர்களைப் பெரிய மாணவர்களிடம் ஒப்படைத்துவிட்டு போனில் இருக்கிறாரா? எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் தெரியாது. ஷோட்டோகானா, கோஜு ரியூ என்ற இன்னொரு பாணியா என்பதெல்லாம் ஆறு வயதில் பெரிய விஷயமில்லை.

அப்புறம், ஓடு உடைப்பது, வயிற்றின் மேல் பைக் ஏற்றுவது. நம்மூர் விழா மேடைகளில் கைதட்டல் வாங்குகிற சமாச்சாரங்கள். வளர்கிற எலும்புக்கு ஓடு உடைப்பது நல்லதில்லை. சிமெண்ட் தரையில் விரல்முட்டியை ஊன்றித் தண்டால் எடுக்கச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

யூனிஃபார்மை உடனே வாங்க வேண்டாம். முதல் மாதத்துக்கு டி-ஷர்ட், டிராக் பேண்ட் போதும். நகத்தை வெட்டி, ஒரு தண்ணீர் பாட்டிலோடு அனுப்புங்கள். மூன்றாவது வாரத்தில் "இன்னைக்கு வேண்டாம்பா" என்பான். எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுதான். ஒரு மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

உங்களுக்கும் தாராளமாக முடியும். பிரஷர், சுகர் இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மூட்டு வலி இருந்தால் மாஸ்டரிடம் முதல் நாளே சொல்லுங்கள், மண்டியிட்டு உட்காருவதுதான் நாற்பதுக்கு மேல் படுத்தும். உதை இடுப்பு உயரத்துக்கு வந்தால் போதும். ஒரே வகுப்பில் சேர்ந்தால் மகனுக்குப் பக்கத்தில் மட்டும் நிற்காதீர்கள். அவன் தப்பைத் திருத்த உங்கள் வாய் துறுதுறுக்கும், அதற்குள் உங்கள் கால் தப்பாகியிருக்கும்.