“சொல்லக் கூடாது அம்மா” என்கிறான் மகன்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

நான் திருச்சியில் வசிக்கிறேன். அமெரிக்காவில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் ஒரே மகன், ‘ஃபிரட்டர்னிட்டி’ எனப்படும் மாணவர் சகோதர சங்கம் ஒன்றில் சேர ஆறு வாரங்களாகப் பயிற்சியில் இருக்கிறான். அண்மையில் வீடியோ அழைப்பில் பேசியபோது அங்கே விடியற்காலை மூன்று மணி. கோட்டும் டையும் அணிந்து, கிரேக்க எழுத்துகளையும் சங்கத்தை நிறுவியவர்களின் பெயர்களையும் முணுமுணுத்தபடி மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். இந்த நேரத்தில் எதற்கு என்று கேட்டேன். “அதைச் சொல்லக் கூடாது அம்மா” என்றான். சகோதரத்துவம், கல்வி, சேவை என்று கொள்கைகளை அடுக்குகிறான்; எனக்கோ நம் ஊர் ராகிங்தான் நினைவுக்கு வருகிறது. தடுப்பதா, விட்டுவிடுவதா?

– ஒரு தாய்

அன்புள்ள அம்மாவுக்கு,

அவன் அடுக்கும் கொள்கைகள் வெறும் அலங்காரம் அல்ல. 1906-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு கறுப்பின மாணவர்கள் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா சங்கத்தைத் தொடங்கியது, வெள்ளையர் நிறைந்த வளாகத்தில் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கத்தான். மார்ட்டின் லூதர் கிங் பின்னாளில் அதில் உறுப்பினரானார். தெற்காசிய மாணவர்களுக்கென்றும் 1990-களில் இத்தகைய சங்கங்கள் தோன்றின. ஆகவே உங்கள் மகன் தேடுவது முதலில் துணையாகவே இருக்கலாம்.

இரகசியம் என்றதுமே அஞ்ச வேண்டியதில்லை. 1776-இல் வர்ஜீனியாவில் தோன்றிய ஃபை பீட்டா கப்பா என்ற மாணவர் சங்கத்துக்கும் இரகசியக் கைகுலுக்கல் இருந்தது. 1831-இல் இரகசியத்தையே கைவிட்டது, சங்கமோ இன்றும் இருக்கிறது. சடங்கை மறைப்பது ஒன்று, உறக்கத்தைக் கெடுப்பதையும் மது குடிக்க வற்புறுத்துவதையும் மறைப்பது முற்றிலும் வேறு. 1959-இல் உளவியலாளர்கள் ஆரன்சனும் மில்ஸும் நடத்திய சோதனையில், கடுமையான நுழைவுச் சோதனைக்கு உள்ளானவர்களே சலிப்பூட்டும் ஒரு குழுவை மற்றவர்களைவிட உயர்வாக மதிப்பிட்டார்கள். பட்ட பாட்டுக்கு மனம் தேடும் நியாயம் அது. அதனால் அவன் பெருமையாகப் பேசுவதை மட்டும் வைத்து, நன்றாக நடத்தப்படுகிறான் என்று முடிவுகட்டாதீர்கள்.

தடை விதித்தால் மறைப்பதற்கு இன்னொரு காரணம் கிடைத்துவிடும். சடங்கைப் பற்றிக் கேட்காமல், நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய், வேண்டாம் என்றவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். 2024 டிசம்பரில் நிறைவேறிய அமெரிக்கச் சட்டத்தின்படி, புதியவர்களைத் துன்புறுத்தியதாக உறுதியான சங்கங்களின் விவரத்தைக் கல்லூரி தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அதை அவனோடு சேர்ந்தே பாருங்கள். பதில் சொல்லாமல் கோபப்பட்டால் அன்றைக்கு விட்டுவிட்டு, மறுநாள் வழக்கம்போல் சாப்பாட்டைப் பற்றிப் பேசுங்கள். உடம்பில் காயமோ, குடிக்கக் கட்டாயமோ தெரிந்தால் மட்டும் காத்திருக்காமல் கல்லூரியின் மாணவர் நல அலுவலகத்துக்கு நீங்களே எழுதுங்கள்.