பிரெஞ்சு பேஸ்ட்ரிக் கடைக்குப் போகும் முன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஊரில் பிரெஞ்சு பேஸ்ட்ரிக் கடை ஒன்று இருப்பது இப்போதுதான் தெரியவந்தது. கண்ணாடிப் பெட்டி நிறைய வகைகள். முதல் தடவை எதை வாங்கினால் கடையின் தரம் பிடிபடும்?

பதில்: வெறும் வெண்ணெய் குரோசான், அதாவது அடுக்கடுக்காக உரியும் பிரெஞ்சு ரொட்டி. சாக்லேட், பாதாம், கிரீம் எதுவும் உள்ளே வேண்டாம். அவையெல்லாம் குறையை மூடிவிடும். மாவு, வெண்ணெய், ஈஸ்ட், பால், சர்க்கரை, உப்பு என்று ஐந்தாறு பொருள்தான் என்பதால் குரோசானில் கைப்பக்குவம் அப்படியே தெரியும். காலையில் போய் வாங்குங்கள். மாலை ஐந்து மணிக்கு வாங்கிவிட்டு மெத்தென்று கிடக்கிறது என்று குறை சொல்வது கடைக்காரருக்கு நியாயமல்ல.

கையில் எடுத்ததும் அளவைப் பார்த்தால் தோன்றும் எடையைவிட லேசாக இருக்க வேண்டும். சாதாரணமாக 60 முதல் 80 கிராம். நிறம் நன்றாகச் சிவந்த பழுப்பு. வெளிர் மஞ்சளாக இருந்தால் அவசரமாக அடுப்பிலிருந்து எடுத்திருக்கிறார்கள். அடுத்து, ரம்பப்பல் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நல்ல குரோசானின் உள்பக்கம் தேன்கூடுபோல் பெரிய கண்களோடு, மெல்லிய சுவர்களோடு இருக்கும்.

அந்தக் கண்கள் வருவது மடிப்பினால். பிசைந்த மாவுக்குள் வெண்ணெய்த் தகட்டை வைத்துத் தேய்த்து, மூன்றாக மடித்து, குளிரவைத்து, மறுபடி தேய்த்து மடிக்கிறார்கள். மூன்று தடவை மடித்தால் 27 வெண்ணெய் அடுக்குகள். அடுப்புச் சூட்டில் வெண்ணெயிலும் மாவிலும் உள்ள நீர் ஆவியாகி அடுக்குகளைத் தூக்குகிறது. ஈஸ்டின் வாயு அந்த இடைவெளியை இன்னும் விரிக்கிறது. இந்த வேலைக்கு நல்ல கடைகள் 82 முதல் 84 சதவீதம் கொழுப்புள்ள வெண்ணெயைத்தான் எடுப்பார்கள்.

கடைசியாக, தின்று முடித்தபின் வாயைக் கவனியுங்கள். வெண்ணெய் உடல் சூட்டில் கரைந்து போய்விடும். அடுக்கு மாவுக்கென்று தயாரிக்கும், வெண்ணெய்க்கு மாற்றான மார்கரின் கொழுப்பு அவ்வளவு எளிதில் கரையாது. மேலண்ணத்தில் மெழுகு பூசினாற்போல் ஒட்டி நிற்கும். பிரான்ஸில் நேராக இருப்பது வெண்ணெய் குரோசான், பிறை போல் வளைந்திருப்பது மார்கரின் சேர்த்த சாதா என்று ஒரு வழக்கம் உண்டு. சட்டமில்லை, வழக்கம்தான். எனவே வடிவத்தை நம்பாமல் நாக்கை நம்புங்கள்.

கேள்வி: நான் வாங்கிய குரோசானின் அடிக்காகிதம் முழுக்க எண்ணெய். நடுவில் மாவு கட்டியாக இருந்தது. எதனால்?

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு, ஆனால் சேர்ந்தே வரும். வடிவம் செய்த மாவைப் பொங்கவைக்கும்போது சூடு 25 முதல் 27 டிகிரிக்குள் நிற்க வேண்டும். 30 டிகிரியை நெருங்கினால் அடுக்குக்குள் இருக்கும் வெண்ணெய் இளகி மாவில் ஊறிவிடும். பிறகு தூக்கிவிட அடுக்கே இருக்காது. கொழுப்பு தட்டில் வழிந்து, குரோசான் தன் வெண்ணெயிலேயே பொரியும். வெயில் காலத்தில் குளிர் அறை இல்லாத சமையற்கூடங்களில் இதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து. நேரம் போதாமல், சரியாகப் பொங்காத மாவைச் சுட்டாலும் வெண்ணெய் வெளியே ஓடும்.

நடுவில் கட்டியாக நிற்பதற்குக் காரணம் பொங்காத மாவு, அல்லது அரைவேக்காடு. மேல்பாகம் சீக்கிரம் நிறம் பிடித்ததும் ஏமாந்து எடுத்துவிடுகிறார்கள். தேய்க்கும்போது வெண்ணெய் அதிகக் குளிர்ச்சியில் நொறுங்கியிருந்தாலும் அடுக்கு அங்கங்கே அறுந்து, ஒரு பக்கம் கண்ணும் மறுபக்கம் கட்டியுமாக இருக்கும். ஒரு நாள் இப்படி என்றால் மன்னித்துவிடலாம். மூன்று நாளும் இப்படியென்றால் அந்தக் கடையில் வேறு எதையாவது வாங்குங்கள்.

கேள்வி: பாதாம் குரோசானை முந்தின நாள் மிச்சத்தில் செய்கிறார்களாமே, ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: இல்லை, அதுதான் முறை. முந்தின நாள் குரோசானை நீளவாக்கில் பிளந்து, சர்க்கரைப் பாகில் நனைத்து, வெண்ணெய், சர்க்கரை, முட்டை, பாதாம் மாவு நான்கும் கலந்த கிரீமை உள்ளும் மேலும் தடவி, சீவிய பாதாம் தூவி மறுபடி சுடுவார்கள். புது குரோசான் பாகில் நனைந்தால் கூழாகிவிடும். ஒரு நாள் உலர்ந்ததுதான் தாங்கும்.

கேள்வி: காலையில் வாங்கிய மில்ஃபாய் இரவில் நமுத்துப்போய்விட்டது. வெட்டினாலும் கிரீம் பிதுங்குகிறது.

பதில்: மொறுமொறுத் தகடுகளுக்கு நடுவே கிரீம் வைத்த மில்ஃபாய் மூன்று நான்கு மணி நேரப் பண்டம். ஈஸ்ட் இல்லாத அடுக்கு மாவு அது. மூன்றாக மடிப்பதை ஆறு தடவை செய்வது பழைய முறை, கணக்குப்படி 729 அடுக்கு. மேலே தட்டை வைத்து அழுத்திச் சுட்டு, சர்க்கரை தூவிக் கருகாமல் உருக்குவார்கள். அந்தச் சர்க்கரைப் பூச்சு கிரீமின் ஈரத்தைக் கொஞ்ச நேரம் தடுக்கும், அவ்வளவுதான். வாங்கும்போது “எத்தனை மணிக்குக் கிரீம் வைத்தீர்கள்?” என்று கேளுங்கள். கேட்டபின் வைத்துத் தருகிற கடை கிடைத்தால் விடாதீர்கள். வெட்டும்போது பக்கவாட்டில் படுக்கவைத்து, ரம்பப்பல் கத்தியால் அறுங்கள்; மேலிருந்து அழுத்தினால் பிதுங்கத்தான் செய்யும்.

உள்ளே கிரீம் நிரப்பிய நீள பேஸ்ட்ரியான எக்ளேருக்கும் இதே நேரக்கணக்கு. கூடவே ஒரு எச்சரிக்கை: பால், முட்டை சேர்ந்த அந்தக் கிரீமை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

கேள்வி: மாக்கரோனும் அன்றே செய்ததாக இருக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். நேர் எதிர். மாக்கரோன் என்பது இரண்டு பாதாம் ஓடுகளுக்கு நடுவே உள்ளீடு வைத்தது. சுட்ட அன்று ஓடு விறைப்பாக இருக்கும். குளிர்பெட்டியில் ஒரு நாள் இருந்தால் உள்ளீட்டின் ஈரம் ஏறிப் பதமாகும். மூடிய டப்பாவில் மூன்று நான்கு நாள் தாங்கும். தின்பதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுத்து வையுங்கள். கடித்ததும் ஓட்டுக்கு அடியில் வெறும் பொந்து இருந்தால் பக்குவம் தப்பியது.

கேள்வி: சைவம் சாப்பிடுகிறவர்கள் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முட்டை கூடாதென்றால் தேர்வு மிகக் குறைவு. எக்ளேர் மாவு, மாக்கரோன் ஓடு, கஸ்டர்ட் கிரீம் எல்லாவற்றிலும் முட்டை உண்டு. குரோசான் மாவில் பெரும்பாலும் இருக்காது, ஆனால் மேலே முட்டை பூசித்தான் பளபளப்பு வரும். மூஸ் என்னும் நுரைத்த கிரீம் வகைகளிலும் கண்ணாடிபோல் மின்னும் மேற்பூச்சிலும் ஜெலட்டின் இருக்கலாம். அது மாடு அல்லது பன்றியிலிருந்து வருவது. அகார், பெக்டின் என்றால் தாவரப் பொருள். பாபா என்னும் ஈஸ்ட் கேக்கில் சுட்ட பிறகுதான் ரம் கலந்த பாகை ஊற்றுவார்கள், அதனால் மது ஆவியாகாமல் அப்படியே நிற்கும். போர்தோ நகரத்துச் சிறு கேக்கான கனலேயிலும் ரம் உண்டு.

பாதாம், ஹேசல்நட் ஒவ்வாதவர்களுக்கு ஆபத்து கண்ணில் படாது. ஓப்பரா கேக்கின் அடுக்கே பாதாம் மாவுதான். சைக்கிள் சக்கர வடிவில் வரும் பாரி-பிரெஸ்டில் இருப்பது ஹேசல்நட் கிரீம். கத்தியும் தட்டும் எல்லாவற்றுக்கும் பொது என்பதால், கடுமையான ஒவ்வாமை இருந்தால் இந்தக் கடைகளைத் தவிர்ப்பதே சரி.

கேள்வி: மிச்சமான குரோசானை எப்படி வைப்பது?

பதில்: குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், அந்தக் குளிரில்தான் மாவுச்சத்து வேகமாக இறுகும். அன்றைக்கே என்றால் காகிதப் பையில் வெளியே. மறுநாளுக்கு மேல் என்றால் காற்றுப் புகாமல் சுற்றி உறைபெட்டியில், ஒரு மாதம் வரை. ஓவனை 160 டிகிரிக்குச் சூடாக்கி 4, 5 நிமிடம். உறைந்ததை நேரடியாக வைத்தால் 8 முதல் 10 நிமிடம். எடுத்து இரண்டு நிமிடம் ஆறவிட்டால்தான் மேல்தோல் முறுகும். மைக்ரோவேவ் மட்டும் வேண்டாம், முதலில் துவண்டு பிறகு ரப்பராகிவிடும்.