நல்லா படிக்கிற பிள்ளைகள் மட்டும் போதுமா?

கேள்வி: கிராம சுகாதாரச் செவிலியராக இருக்கிறேன். ஊர்ப் பிள்ளைகளில் சிலருக்குப் பயிற்சி கொடுத்து, மற்ற பிள்ளைகளிடம் உடல்நலம், மனநலம் பற்றி அவர்களைப் பேச வைக்க வேண்டும். நன்றாகப் படிக்கிற, மேடையில் கூச்சமில்லாமல் பேசுகிற நான்கு பேரைத் தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். அவர்களையே எடுத்துக்கொள்ளலாமா?
- ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: கொஞ்சம் பொறுங்கள். மேடையில் நன்றாகப் பேசுகிற பிள்ளையை நம்பி மற்ற பிள்ளைகள் மனசு திறப்பார்கள் என்று சொல்ல முடியாது. முதல் ரேங்க் வாங்குகிற பெண்ணிடம் போய் 'எனக்கு ரெண்டு மாசமா நாள் தள்ளிப்போகுது' என்று சொல்ல மற்றவளுக்குப் பயமாக இருக்கும், டீச்சர் காதுக்குப் போய்விடுமோ என்று. அதனால் பிள்ளைகளையே கேளுங்கள். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, 'உனக்கு ஒரு சிக்கல் என்றால் உன் வயதில் யாரிடம் சொல்வாய்?' என்று எழுதச் சொல்லுங்கள். எழுதுகிறவர் பெயர் வேண்டாம். எந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறதோ அந்தப் பிள்ளைதான் உங்களுக்கு வேண்டியவர், மார்க் எவ்வளவாக இருந்தாலும் சரி.

2014 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம் 10 முதல் 19 வயது வரையுள்ள எல்லாருக்குமானது, பள்ளிக்கூடம் போகிறவர்களுக்கு மட்டுமல்ல. பத்தாவதோடு நின்று மில் வேலைக்குப் போகிற பெண்ணும், செங்கல் சூளையில் இருக்கிற பையனும் அதில் அடக்கம். தலைமையாசிரியர் கொடுக்கிற பட்டியலில் இவர்கள் பெயர் எப்படி வரும்? அப்புறம், பயிற்சியைப் பகலில் வைத்தால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போச்சு. ஞாயிறு சாயங்காலம் வையுங்கள், பஸ் காசும் சாப்பாடும் கொடுங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் பயிற்சிப் புத்தகத்தில் எழுதுவதில்லை. நான்கு பேரும் ஊர்த் தெருக்காரர்களாக இருந்தால் காலனிப் பிள்ளைகள் வர மாட்டார்கள், வந்தாலும் வாசல் பக்கமே உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் வைத்தால் காலனிப் பிள்ளைகள் தயங்குவார்கள், வேறு மதத்துப் பிள்ளைகள் தயங்குவார்கள், வீட்டுக்குத் தூரமான பெண்கள் அன்றைக்கு உள்ளேயே வர மாட்டார்கள். மாதவிடாய் பற்றிப் பேசுகிற கூட்டத்துக்கு மாதவிடாய் வந்த பெண் வர முடியாமல் போவது என்ன நியாயம்? நூலகமோ அங்கன்வாடியோ, எல்லாரும் தயங்காமல் நுழைகிற இடமாகப் பாருங்கள். அது எந்தத் தெருவில் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பயிற்சியில் சேர காது கேளாத ஒரு பெண் ஆசைப்படுகிறாள். சேர்த்தால் அவளுக்கும் சிரமம், மற்றவர்களுக்கும் தாமதம் என்கிறார்கள்.
- தன்னார்வலர், மதுரை

பதில்: கட்டாயம் சேருங்கள். ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறவளாக அல்ல, நாளைக்கு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவளாக. காது கேளாத பல பிள்ளைகளின் வீட்டில் சைகை மொழி தெரிந்தவர் ஒருவர்கூட இருப்பதில்லை. சாப்பிடு, தூங்கு, வா, போ என்கிற அளவில்தான் பேச்சே நடக்கும். வயதுக்கு வந்தால் ஏன் ரத்தம் வருகிறது, யாராவது தொட்டால் என்ன செய்வது என்றெல்லாம் அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லியிருப்பார்கள்? இதைத் தன் மொழியிலேயே சொல்லக்கூடிய இன்னொரு காது கேளாத பெண் அவர்களுக்குக் கிடைத்தால் அது எவ்வளவு பெரிய விஷயம்!

செய்ய வேண்டியதும் பெரிதாக ஒன்றும் இல்லை. நாற்காலிகளை அரைவட்டமாகப் போடுங்கள். பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டாகி உதடு தெரியாது. போர்டில் எழுதிக்கொண்டே பேசாதீர்கள், எழுதி முடித்துவிட்டுத் திரும்பிப் பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும். இதெல்லாம் செய்தால் காது கேட்கிற பிள்ளைகளுக்கும் நன்றாகப் புரியும், நீங்களே பார்ப்பீர்கள். முடிந்தால் சைகை மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யுங்கள். டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வீடியோவாக வெளியிட்டிருக்கிறது, இலவசமாகவே பார்க்கலாம்.

பார்வையற்ற பிள்ளைகள் வந்தால் படத்தைக் காட்டி 'இது, அது' என்று சொல்லாமல் பொருளைக் கையில் கொடுங்கள். நாப்கினைப் பிரித்துத் தொட்டுப் பார்க்கட்டும், வாராவாரம் போடுகிற இரும்புச்சத்து மாத்திரையின் அட்டையை விரலால் தடவிப் பார்க்கட்டும். 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களைச் சொல்கிறது. அவற்றில் பல பார்த்தவுடன் தெரியாதவை. அதனால் முதல் நாளே எல்லாரிடமும் தனித்தனியாக, 'நீ வசதியாகக் கலந்துகொள்ள என்ன செய்யணும்?' என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பயிற்சியில் 'ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம்' என்றதும் ஒரு மாணவர் நடுவிலேயே நின்றுவிட்டார். என்ன செய்திருக்க வேண்டும்?
- கல்லூரி செஞ்சுருள் சங்க (எய்ட்ஸ் விழிப்புணர்வு மாணவர் அமைப்பு) பொறுப்பாளர்

பதில்: அப்படிப் பிரிக்காமலே இருந்திருக்கலாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லிக் குழு பிரியுங்கள். அந்த மாணவரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம், எல்லாருக்கும் ஒரு வெற்று அட்டை கொடுத்து, தான் எந்தப் பெயரில் அழைக்கப்பட விரும்புகிறாரோ அதை எழுதிக் குத்திக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தப் பெயரிலேயே எல்லாரும் கூப்பிடுங்கள். தன் பாலினத்தைத் தானே முடிவு செய்யும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014லேயே உறுதி செய்துவிட்டது.

கேள்வி: எனக்கு 17 வயது. இந்தப் பயிற்சி முடித்தவன். உறவுக்காரர் ஒருவர் தன்னிடம் தப்பாக நடக்கிறார் என்று ஒரு தோழி சொன்னாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டாள்.
- பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, அவள் உன்னை நம்பிச் சொல்லியிருக்கிறாள், நீயும் சரியாகவே யோசிக்கிறாய். ஆனால் இந்தச் சத்தியத்தை நீ காப்பாற்ற வேண்டியதில்லை. முதலில் அவளிடமே போ. 'உன் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஆனா இதை நான் மட்டும் தெரிஞ்சு வச்சிருந்தா நீ தப்பிக்க முடியாது, வா சேர்ந்து போய்ச் சொல்லலாம்' என்று சொல். அவள் நம்புகிற ஒரு டீச்சரையோ அத்தையையோ அவளே சொல்லட்டும். அப்படி யாரும் இல்லையென்றால் 1098க்குப் போன் பண்ணுங்கள், இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள். விஷயம் தெரிந்த பெரியவர்கள் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று போக்சோ சட்டம் சொல்கிறது, அவர்கள் மூடி மறைக்க முடியாது. நீயாகப் போய் அந்த ஆளிடம் சண்டை போடாதே, வாட்ஸ்அப்பில் யாருக்கும் எழுதாதே. இதைக் கேட்டதிலிருந்து உனக்கே தூக்கம் வரவில்லை என்றால் 14416க்குக் கூப்பிடு, அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். ஆனால் அவள் விஷயத்தில் நாளைக்கு என்று தள்ளிப் போடாதே, இன்றைக்கே பேசிவிடு.