பதின்ம வயதுப் பாடல்கள் மட்டும் ஏன் இவ்வளவு இனிக்கின்றன?

அக்காலப் பாடல்கள் உண்மையிலேயே சிறந்தவையா, அல்லது வயதின் மயக்கமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பங்கு வயதினுடையது என்பதே என் கருத்து.

நாற்பதைக் கடந்தவர்களிடம் பழைய நினைவுகளைக் கேட்டால், ஏறத்தாழ பத்து முதல் முப்பது வயது வரையிலான நிகழ்வுகளே மிகுதியாக வெளிப்படுகின்றன என்பதை உளவியலாளர்கள் நெடுங்காலமாகக் கவனித்து வந்துள்ளனர். முதல் நட்பு, முதல் காதல், வீட்டை விட்டு வெளியேறுதல் என எல்லாமே புதிதாக நிகழும் அப்பருவத்தில் கேட்ட பாடல்கள், அந்த உணர்ச்சிகளோடு சேர்ந்தே மனத்தில் பதிந்துவிடுகின்றன.

கேட்ட முறைக்கும் இதில் பங்குண்டு. தொண்ணூறுகளில் வளர்ந்தவர்கள், தாளில் பாடல் பட்டியல் எழுதி, அறுபது நிமிட வெற்று கேசட்டோடு பதிவுக் கடையில் கொடுத்து, சில நாள் காத்திருந்து வாங்கினார்கள். அதையே நாடா தேயும்வரை கேட்டதால், இன்றும் ஒரு பாடல் முடியும்போது, அந்தக் கேசட்டில் அடுத்திருந்த பாடலின் தொடக்க இசை அவர்கள் காதில் தானாகவே ஒலிக்கிறது.

அதே ஆண்டுகளில் வெளிவந்த சுமாரான பாடல்களை (அவை ஏராளம்) நாம் மறந்துவிட்டோம். எஞ்சிய நல்லவற்றை இன்றைய பாடல்கள் அனைத்தோடும் ஒப்பிடுவது முறையன்று. 1992இல் ‘ரோஜா’ வழியாக ஏ.ஆர். ரகுமான் அறிமுகமானபோது, இளையராஜாவின் இசையில் வளர்ந்தவர்களில் சிலர் அதையும் வெறும் கணினிச் சத்தம் என்றே ஒதுக்கினார்கள்.