சி.டி. எடுத்த பிறகும் எம்.ஆர்.ஐ. எதற்கு?

கேள்வி: நாங்கள் காரைக்குடியில் வசிக்கிறோம். 61 வயதாகும் என் ஆத்தாவுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய். மதுரையில் கதிர்வீச்சு சிகிச்சை நடக்கிறது. தொடக்கத்திலேயே எம்.ஆர்.ஐ., சி.டி. இரண்டும் எடுத்தாயிற்று. இப்போது உள்கதிர் சிகிச்சைக்கு முன் மறுபடியும் எம்.ஆர்.ஐ. கேட்கிறார்கள். இத்தனை ஸ்கேன் எடுத்தால் கதிர் கூடிவிடாதா? வைரத்தோட்டைக் கழற்றவும் ஆத்தா சம்மதிக்கவில்லை.

பதில்: எம்.ஆர்.ஐ. படம் காந்தப்புலத்தையும் ரேடியோ அலைகளையும் கொண்டு எடுக்கப்படுவது. அதில் எக்ஸ் கதிர் இல்லை என்பதால், அந்த அச்சத்தை நீங்கள் விட்டுவிடலாம்.

கதிர் எந்தத் திசுவில் எவ்வளவு உறிஞ்சப்படும் என்று கணக்கிடத் தேவையான அடர்த்தி விவரத்தைச் சி.டி. தருகிறது. ஆனால் இடுப்பெலும்புக் கூட்டுக்குள் கட்டியும் அதை ஒட்டிய நல்ல திசுவும் சி.டி.யில் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகத் தெரிவதால், கட்டி எங்கே முடிகிறது, கருப்பையின் பக்கவாட்டுத் திசுவுக்குள் பரவியிருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ.தான் தெளிவாகக் காட்டும். இரண்டு படங்களையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தித் திட்டமிடுவது அதனால்தான்.

மறுபடி எடுக்கும் படத்தை முதல் படத்தைவிடவும் முக்கியமானதாகவே நான் கருதுகிறேன். ஏறத்தாழ ஐந்து வாரம் வெளியிலிருந்து கதிரும், பெரும்பாலும் அதனுடன் வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் செலுத்திய பின் கட்டி கணிசமாகச் சுருங்கியிருக்கும். உள்கதிர் சிகிச்சையில் கதிர்மூலம் கருப்பை வாய்க்குள்ளேயே வைக்கப்படுவதாலும், அதிலிருந்து விலக விலகக் கதிரின் அளவு வேகமாகக் குறைவதாலும், சில மில்லிமீட்டர் பிசகினாலே கட்டியின் ஓரம் தப்பிவிடும். அல்லது முன்னால் உள்ள சிறுநீர்ப்பையும் பின்னால் உள்ள மலக்குடலும் தேவையின்றிப் புண்படும். சுருங்குவதற்கு முன் எடுத்த படம் இதற்கு உதவாது.

முழுச் சிகிச்சையையும் எட்டு வாரத்துக்குள் முடிப்பது நல்லது. நகைக்காக நாளைத் தள்ளிப்போடாதீர்கள். பொன்னையும் வைரத்தையும் காந்தம் இழுக்காது என்பது உண்மையே. ஆயினும் திருகில் வேறு உலோகம் கலந்திருக்கலாம். எந்த உலோகமும் சூடேறலாம் என்பதால் தோடு, மூக்குத்தி, மெட்டி எல்லாவற்றையும் கழற்றியே ஆக வேண்டும். பல ஆண்டுகளாகக் கழற்றாத திருகு ஸ்கேன் அறை வாசலில் அசைந்து கொடுக்காது. முந்தைய நாளே நகை ஆசாரியிடம் கழற்றி வாங்கிவிடுங்கள். தாலிச் சங்கிலிக்குப் பதிலாக மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றை அணிந்துகொள்ளலாம்.

பேஸ்மேக்கரோ, மூளை அறுவையில் வைத்த கிளிப்போ, எலும்பில் பொருத்திய தகடோ இருந்தால் தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. ஆகவே படத்துக்கு ஊசி மருந்து போடுவதாக இருந்தால் சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையின் அண்மைய முடிவைக் காட்டுங்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும் அளவுக்கேற்பக் கருப்பை இடம் மாறும் என்பதால், எவ்வளவு தண்ணீர், எப்போது குடிப்பது என்பதை அங்கே கேட்டு அதன்படியே செய்யுங்கள். பேருந்தில் இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை.