நேர்முகத்தேர்வில் 'நாங்கள்' வேண்டாம், 'நான்' வேண்டும்

திருச்சியில் ஆறு வருடம் சிவில் சைட் வேலை பார்த்துவிட்டு டொராண்டோ வந்திருக்கிறீர்கள். 'கனடா அனுபவம் இல்லை' என்கிறார்கள், நேர்முகத்தேர்வில் உட்கார்ந்தாலே நம்பிக்கை போய்விடுகிறது, எப்படி மேலே வருவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தம்பி, முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2026 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், பொது வேலை விளம்பரத்தில் கனடா அனுபவம் வேண்டும் என்று கேட்கக் கூடாது. பொறியாளர் உரிமம் தரும் பி.இ.ஓ. அந்த நிபந்தனையை 2023 மே மாதமே எடுத்துவிட்டது. உரிமத்துக்கு 48 மாத அனுபவம் காட்ட வேண்டும். திருச்சி சைட்டில் செய்த வேலையையே காட்டலாம். ஆனால் அதை நேரில் பார்த்தவர்கள் உறுதிசெய்ய வேண்டும். பலருக்கு இங்கேதான் தடங்கல் வருகிறது. பழைய மேலதிகாரி வேலை மாறியதும் அவருடைய அலுவலக மின்னஞ்சல் செத்துப்போகும். சொந்த மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் இப்போதே வாங்கி வையுங்கள். உரிமம் வரும்வரை லிங்க்ட்இனில் பெயருக்குக் கீழே 'இன்ஜினியர்' என்று போடாதீர்கள். இங்கே அது சட்டம் காக்கும் பட்டம்.

சட்டம் வாசல்வரைதான் கூட்டிப்போகும். உள்ளே நம் ஆட்களைக் கவிழ்ப்பது 'நாங்கள்' என்ற சொல். "நாங்கள் பாலம் கட்டினோம்" என்பது நமக்கு அடக்கம். கேட்பவருக்கோ, அதில் நீங்கள் செய்தது என்ன என்றே தெரியாது. அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "கான்கிரீட் 28 நாள் சோதனையில் வலிமை குறைந்தது. சைட்டில் தண்ணீர் கூடுதலாக ஊற்றுவதை நான் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு லாரிக்கும் ஸ்லம்ப் (ஈரக் கலவையின் இளக்கம்) பார்க்க வைத்தேன். அடுத்து வார்த்தவை தேறின." இதில் தற்பெருமை எங்கே இருக்கிறது? நடந்ததைத்தான் சொல்கிறீர்கள்.

இதுபோல உங்கள் ஆறு வருடத்திலிருந்து எட்டுச் சம்பவங்களை எடுத்து எழுதுங்கள். தவறு நடந்து நீங்கள் சரிசெய்தது ஒன்று, மேஸ்திரியோடோ ஒப்பந்தக்காரரோடோ கருத்து மோதியது ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அந்த இரண்டையும் பெரும்பாலும் கேட்பார்கள். ஒவ்வொன்றையும் 90 விநாடிக்குள் சொல்லிக் கைப்பேசியில் பதிவுசெய்து கேளுங்கள். வரிக்கு வரி மனப்பாடம் மட்டும் வேண்டாம். இடையில் ஒரு கேள்வி விழுந்தால் மொத்தமும் மறந்துபோகும். பிரச்சினை, நான் செய்தது, விளைவு என்ற மூன்று முடிச்சு நினைவில் இருந்தால் போதும்.

தொழில்மொழியையும் மாற்ற வேண்டும். கான்கிரீட் வலிமையைச் சோதிக்க நாம் 150 மில்லிமீட்டர் கியூப் (கனசதுரம்) உடைப்போம், இங்கே சிலிண்டர் (உருளை). அதே கான்கிரீட் சிலிண்டரில் ஏறக்குறைய 80 சதவீத வலிமைதான் காட்டும். "எம்30 போட்டேன்" என்று நம்மூர் கியூப் வலிமைத் தரத்தோடு நிறுத்தாமல் இந்த வேறுபாட்டையும் சொன்னால், இங்கத்திய வேலைக்குத் தயாராக வந்திருக்கிறார் என்று எதிரில் இருப்பவருக்கே புரியும். இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456 தெரிந்த உங்களுக்கு கனடாவின் சி.எஸ்.ஏ. ஏ23.3 அந்நியமாக இருக்காது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். லட்சம், கோடி வேண்டாம்: 4 கோடி ரூபாயை 40 மில்லியன் ரூபாய் என்று சொல்லி, டாலர் மதிப்பையும் சேருங்கள். 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால் உங்களை நம்பவில்லை என்பதுபோல் கேட்கும். 'கொஸ்டின்' என்று சொல்லுங்கள். 'பாஸ்டு அவுட்' என்றால் இங்கே மயங்கி விழுந்தது. ஆமாம் என்பதற்கு நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவதை வீடியோ அழைப்பில் மறுப்பாக எடுத்துக்கொள்வார்கள். வாயால் 'யெஸ்' சொல்லிவிடுங்கள்.

பேச்சுப் பயிற்சிக்கு டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சு மன்றம் நல்ல இடம். விருந்தினராகப் போகக் காசு இல்லை. முன்தயாரிப்பு இல்லாத தலைப்பில் ஒன்று முதல் இரண்டு நிமிடம் பேசச் சொல்வார்கள். நேர்முகக் கேள்விக்கும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். எத்தனை முறை 'ஆ', 'ம்' போட்டீர்கள் என்று எண்ணிச் சொல்லவும் அங்கே ஒருவர் இருப்பார்.

அறிமுகங்களுக்கு, நீங்கள் விரும்பும் வேலையில் இருப்பவருக்கு லிங்க்ட்இனில் இரண்டே வரி எழுதி 20 நிமிடம் பேச நேரம் கேளுங்கள். 'வேலை இருக்கிறதா' என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவர் வேலையின் முதல் ஆறு மாதத்தில் எது கடினம், எந்த மென்பொருள் அன்றாடம் தேவை என்று கேளுங்கள். 'சார்' வேண்டாம், பெயர் சொல்லியே கூப்பிடலாம். மறுநாளுக்குள் நன்றி சொல்லி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து, அவர் சொன்னதில் எதைச் செய்து முடித்தீர்கள் என்று இன்னொரு வரி போடுங்கள். அந்த இரண்டாவது வரியைப் பெரும்பாலோர் எழுதுவதே இல்லை.