புள்ளியும் மூக்குத்தியும்

ஐயா,

வணக்கம். பெங்களூரு பாணஸ்வாடியில் இருக்கிறேன். அப்பாவின் பழைய யாஷிகா கேமராவில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்டுப் பாட்டியைப் படம் எடுத்தேன். குளியலறையிலேயே டி-76 டெவலப்பர் கரைசலில் கழுவினேன். ஸ்கேன் செய்து பார்த்தால் வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளிகள். சுருளின் கீழ்ப்பாதியில் அதிகம். மென்பொருளில் போட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். முன்னும் பின்னுமாக இரண்டு படங்களை இணைத்திருக்கிறேன். அடுத்த முறை வேறு டெவலப்பருக்கு மாறலாமா? ஈரத்தை விரலால் வழித்துவிட்டால் புள்ளி வராதா? ஸ்கேனரிலேயே தூசி நீக்கும் வசதி இருக்கிறதாமே, அதைப் போட்டால் போதுமா?

ச.

அன்புள்ள ச.,

டெவலப்பரை மாற்ற வேண்டாம். 1920களிலிருந்து உலகமே டி-76இல் கழுவுகிறது, குற்றம் அதன் மேல் இல்லை. ஸ்கேனரின் தூசி நீக்கி அகச்சிவப்பு ஒளியை நம்பி வேலை செய்வது. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இருக்கும் வெள்ளி அந்த ஒளியையும் மறித்துவிடும், ஆகவே அது உங்களுக்கு உதவாது. விரலால் வழிப்பது மட்டும் கூடவே கூடாது. ஃபிலிமின் மேல் பூசியிருக்கும் ஜெலட்டின் தண்ணீரில் ஊறினால் அவ்வளவு மெத்தென்று இருக்கும். விரலில் ஒரே ஒரு மணல் ஒட்டியிருந்தால் போதும், முதல் ஃபிரேமிலிருந்து கடைசி ஃபிரேம் வரை கோடு இழுத்துவிடும். கறையைக் கழுவி எடுத்துவிடலாம், கீறலை என்ன செய்வீர்கள்?

உங்களுடையது தண்ணீர்க் கறைதான். வீட்டுக்கு வருவது காவிரியா, போர்வெல்லா, டேங்கரா என்று நீங்கள் எழுதவில்லை. குளியலறைக் குழாயின் வாயைப் பாருங்கள். வெள்ளையாகப் பொரிந்திருந்தால் அதே உப்புதான் ஃபிலிமிலும் காய்ந்திருக்கிறது. தொங்கவிட்ட சுருளில் தண்ணீர் கீழே இறங்கித் தேங்குவதால் அங்கே கறை கூடுதல். நெகட்டிவை விளக்குக்கு நேரே பிடிக்காமல், சாய்த்து, வெளிச்சம் அதன் மேல் வழுக்கிப் போகும்படி பாருங்கள். பளபளப்பான பக்கத்தில் சுண்ணாம்பு வளையங்கள் தெரியும்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல. நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் படத்தில் பாட்டியின் மூக்கில் ஒரு வெள்ளைப் புள்ளி. இரண்டாவதில் அது இல்லை. அது தண்ணீர்க் கறை இல்லையம்மா, மூக்குத்தி! இடது கண்ணில் இருந்த ஒளிப்பொட்டும் சேர்ந்து போயிருக்கிறது. அறுபது எழுபது வருஷம் அந்த முகத்தில் இருந்த நகையை ஒரு சொடுக்கில் கழற்றிவிட்டு, 'எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்' என்று எனக்கு எழுதுகிறீர்கள். அனுப்பும் முன் ஒரு தடவை பாட்டியின் முகத்தைப் பார்த்தீர்களா?

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. ஆனால் இது பல நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருப்பது. ஒரு புள்ளி என்னவென்று தெரிந்துகொள்ளும் முன்பே அதை அழிக்க இன்று எல்லோர் கையும் துடிக்கிறது.

ஸ்ரீராமபுரத்தில் நாங்கள் இருந்த தெருமுனையில் ஒரு தமிழரின் ஸ்டுடியோ. பள்ளி விட்டால் அங்கேதான் கிடப்பேன். டச்சிங் செய்யும் பெரியவர் ஒருவர் உண்டு. சாய்ந்த மேஜையில் பாலாடைக் கண்ணாடி, அதன் கீழே ஜன்னல் வெளிச்சத்தை மேலே அனுப்பும் முகம் பார்க்கும் கண்ணாடி. பென்சிலை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசி போல ஆக்கிவைத்திருப்பார். முகத்தில் பருவோ தழும்போ இருந்தால் நெகட்டிவில் அந்த இடம் வெளிறித் தெரியும். அங்கே பென்சிலால் பொடிப்பொடியாகப் புள்ளி வைத்து நிரப்புவார்.

ஒரு நாள் கல்யாணப்பெண் ஒருத்தியின் நெகட்டிவ். கன்னத்தில் வெளிறிய சின்ன வட்டம். கழுவும்போது காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டால் அங்கே டெவலப்பர் படாது, இப்படித்தான் வட்டமாக வெளிறிப் போகும், பிரிண்டில் கறுப்பாக விழும். மச்சமும் அப்படியே விழும். பெரியவர் பென்சிலை எடுக்கவில்லை. அடுத்த நெகட்டிவை எடுத்து வைத்தார். பெண் முகத்தைத் திருப்பியிருந்தாள், வட்டமும் அதே கன்னத்தில் கூடவே திரும்பியிருந்தது. "குமிழி மூஞ்சியோட திரும்பாதுடா தம்பி, இது மச்சம்" என்று சொல்லிவிட்டு, அதைத் தொடாமல் பக்கத்திலிருந்த பருவுக்குப் போனார். அந்தப் பெண்ணை அவர் நேரில் பார்த்ததே இல்லை.

உங்கள் மென்பொருளுக்கு அடுத்த ஃபிரேமைப் பார்க்கத் தோன்றாது. உங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பாட்டியோடு ஒரே வீட்டில் இருப்பவர் நீங்கள்.

இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வாங்குங்கள். நெகட்டிவை வெட்டியிருந்தாலும் பரவாயில்லை, சாதாரணத் தண்ணீரில் பத்து நிமிடம் நன்றாக ஊறவிட்டு, பிறகு அரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டரை மில்லி ஃபோட்டோஃப்ளோ (தண்ணீர் துளியாக நிற்காமல் வழிந்தோடச் செய்யும் திரவம்) கலந்து அரை நிமிடம் முக்கி எடுத்து, துடைக்காமல் தொங்கவிடுங்கள். மின்விசிறி வேண்டாம், ஹேர் டிரையரும் வேண்டாம். பளபளப்பான பக்கத்துக் கறை பெரும்பாலும் போய்விடும். மங்கலான பக்கத்தில் ஒன்றிரண்டு தங்கினால் அவற்றை மட்டும், கண்ணால் பார்த்து, ஒவ்வொன்றாகக் கணினியில் எடுங்கள். அந்த ஃபிரேமை மறுபடி ஸ்கேன் செய்து, மூக்குத்தியோடு எனக்கு அனுப்புங்கள்.